ஏழு போர்டையும் எடுத்துடு

என் மாமாவிடம் யாராவது "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "தலைக்கு மேல வேலை" என்பார். பாவம், மனிதருக்கு ஓய்வே இல்லை போலிருக்கிறது என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் சொன்னது உள்ளதை உள்ளபடி. கடைகளுக்குப் பெயர்ப் பலகை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் தொழில். இருபத்தாறு வருடமாக அவர் வேலை பார்த்த இடமெல்லாம் மற்றவர்களின் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில்தான் இருந்தது.

அம்மாவுக்கு அவர் தம்பி. கடைத்தெருவில் அவருக்குப் பெயர் ஏணி. "ஏணி வந்தாச்சா?" என்று கேட்பார்கள். ஆளைக் கேட்கிறார்களா, சாமானைக் கேட்கிறார்களா என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்பதால் பதில் ஒன்றுதான்.

பெரிய கடைத்தெருவில் கண்ணாடிக் கதவும் விளக்கும் வைத்த கடைகள். அதற்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் சின்னத் தெருக்களும் சந்துகளும். பொத்தான் விற்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், கடிகாரம் பழுது பார்ப்பவர், பூட்டுக்காரர் எல்லாம் அங்கேதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தெருக்கள் மாமாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவரிடம் வழி கேட்டு யாரும் உருப்பட்டதில்லை.

"நேரா போங்க. ஏசி பெட்டியிலேர்ந்து தண்ணி சொட்டுற இடத்துல சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க. மாடி ஜன்னல்ல ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். அதுக்கு எதிர்த்தாப்புல" என்பார். கேட்டவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் யார் மீதாவது மோதுவார். மாமாவுக்குத் தெரிந்த தெரு மேலே இருந்தது. கதவு, படி, சாக்கடை மூடி எல்லாம் அவரைப் பொறுத்தவரை ஏணியை ஊன்றுகிற இடங்கள். அவ்வளவுதான்.

போன வருடம் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போது வலித்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஏணியை மறந்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை அதையே தன் பாணியில் சொன்னாள்.

"இன்னொரு தடவ ஏணியில கால வெச்சீங்க, உங்ககூடப் பேசவே மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"சிரிங்க, சிரிங்க. விழுந்து கெடந்தா தூக்கி உக்கார வெக்கிறது நான்தான். கைய நீட்டுங்க."

மாமா அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சொல்வதைவிட, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார் என்று சொல்லலாம். கூட வேலை செய்த ஸ்பேனர்தான் ஏணியையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொண்டார். எப்போதும் இடுப்பில் ஒரு ஸ்பேனரைச் செருகி வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒரு நாள் மாமா வீட்டுக் கதவுக் கீல் எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினார். மறு நாள் அதையே திரும்பச் செய்தார். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஆபீசுல இவருக்கு ஏதாவது இருந்தா பாரேன். வீட்டுல கழட்டறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் வியாபாரிகள் சங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருக்கிறேன். சங்கத்துக்கு அப்போது ஒரு யோசனை. வாங்க வருகிறவர்கள் பெரிய தெருவோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். பின்தெருக் கடைகளைப் படத்தோடு காட்டும் ஒரு வழிகாட்டி போட்டால் உள்ளே வருவார்கள் என்று செயலாளர் நினைத்தார். முதலில் நாற்பத்து மூன்று கடைகள். பிறகு கடைகள் மாற மாற, மாதாமாதம் புதுப் படங்கள். நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். மாமா எனக்கு உறவு என்பதையும் மறைக்காமல் அவரைப் பற்றிச் சொன்னேன். செயலாளர் அலுவலகத்துச் சின்னக் கேமராவை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"திங்கக்கிழமை ஆரம்பிக்கட்டும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாப்பத்து மூணு கடையும் என் மேஜையில இருக்கணும். பிடிச்சிருந்தா அவர்தான். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கலாம்."

மாமா ஞாயிற்றுக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்தார்.

திங்கட்கிழமை பட்டியலைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அவர் படம் பிடித்த விதம் விசித்திரமாக இருந்தது. கேமராவைக் கண்ணுக்கு வைக்கவே இல்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, எட்டிய மட்டும் நீட்டி, பலகைக்கு நேராகக் கொண்டுபோய்ச் சொடுக்கினார். எதிர்க் கட்டடத்து மாடிப்படியில் இடம் கிடைத்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறி, பலகையின் கண் மட்டத்துக்குப் போனார்.

"போர்டுன்னா நேருக்கு நேர் பாக்கணும். கீழேர்ந்து பாத்தா எல்லாமே மூக்குத் துவாரம்தான் தெரியும்" என்றார்.

கடைசிச் சந்தில் ஏழு கடைகள். பாதி வழியில் சந்து வளைகிறது. வளைவைத் தாண்டியதும் குடை பழுது பார்க்கும் அம்மாவின் கடை. கடை என்றால் மூன்றடி அகலம், இரண்டு படி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீலப் பலகை. அந்தப் பலகையின் ஓரம் மட்டும்தான் வளைவுக்கு இந்தப் பக்கம் தெரியும். அது இல்லையென்றால் அங்கே ஒரு கடை இருப்பதே தெரியாது. எழுத்து மங்கும்போதெல்லாம் குடைக்காரம்மா தானே பெயின்ட் தொட்டு எழுதிக்கொள்வாள். மாமா மாட்டிக் கொடுத்ததுதான் அந்தப் பலகை.

"என்ன ஏணி, கீழ நிக்கற? உன் முகத்த இவ்வளவு கிட்டத்துல இப்பத்தான் பாக்கறேன்" என்றாள், ஒரு குடைக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டே.

"எப்படி இருக்கு?"

"மேலயே இருந்திருக்கலாம்."

மாமா சிரித்துக்கொண்டே கேமராவைத் தலைக்கு மேலே தூக்கினார்.

புதன்கிழமை மாலை எல்லாப் படங்களையும் அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தோம். முப்பத்தாறு பளிச்சென்று இருந்தன. கடைசிச் சந்தில் பிடித்த ஏழும் வெள்ளையாகப் பூத்திருந்தன. மாலை வெயில் மாடிக் கண்ணாடிகளில் பட்டு அப்படியே பலகை மீது விழுந்திருக்கிறது. மறுநாள் காலை மாமாவுக்கு மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்பேனருக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. அவர் கைபேசி நன்றாகப் படம் பிடிக்கும். மாமா என் மேஜையிலிருந்தே அவரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"டேய், ஒரு உதவி. சங்கத்து வேல. கடைசிச் சந்துல ஏழு போர்டு இருக்கு பாரு."

"ஆமா."

"காலையில ஏழு போர்டையும் எடுத்துடு."

"ஏழையுமா?"

"ஒண்ணு விடாம. வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துடணும். கடை தெறக்கறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது, ஆள் குறுக்க நிக்க மாட்டாங்க."

"கடைக்காரங்ககிட்டச் சொல்ல வேண்டாமாண்ணே?"

"எல்லாருக்கும் தெரியும். சங்கத்துலேர்ந்து சொல்லியாச்சு. ரெண்டு நிமிஷ வேலதானே."

"ரெண்டு நிமிஷமா? குடைக்காரம்மா போர்டு ஒண்ணுக்கே அரை மணி ஆகும்ணே."

"பொறுமையாவே எடு. கோணாம, ஆடாம. அது முக்கியம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒரு கீறல் விழாது."

மாமா கைபேசியை வைத்துவிட்டு, "தங்கமான பையன்" என்றார். அந்தப் பையனுக்கு நாற்பத்தொரு வயது. எனக்கும் அந்தப் பேச்சில் தவறாக எதுவும் படவில்லை. ஸ்பேனர் இரண்டு வாரமாக வெளியூரில் ஒரு பெரிய கட்டட வேலையில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார் என்பதும், மாமா கையில் கேமரா இருக்கும் கதை அவருக்குத் தெரியாது என்பதும் எங்கள் இருவருக்குமே நினைவில்லை. நான் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், கழற்றி எடுப்பதென்றால் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு நம்மை எச்சரித்துவிடும். நமக்கோ படமும் எடுப்பதுதான், பலகையும் எடுப்பதுதான்.

வியாழக்கிழமை மாமா மருத்துவரிடமிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். பத்தரை மணிக்கு ஸ்பேனர் கூப்பிட்டார்.

"எடுத்தாச்சுண்ணே. ஏழும் பத்திரமா இருக்கு. எங்க கொண்டாந்து போடட்டும்?"

"கொண்டாந்து போடுறதா? அப்படியே அனுப்பு."

"எதுல அனுப்ப? தள்ளுவண்டியில அடங்கல. ஆட்டோக்காரன் மாட்டேங்கறான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"டேய்," என்றார் மெதுவாக, "நீ இப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கற?"

"போர்ட."

"போர்டு எங்க இருக்கு?"

"அதான் சொன்னேனே, வண்டியில."

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கயும் போகாத, வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

சந்துக்குள் நாங்கள் நுழைந்தபோது கடைக்காரர்கள் வெளியே வந்து, தங்கள் சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை இருந்த இடங்களில் சுவர் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. வண்டியில் ஏழு பலகைகளும் இடையிடையே சாக்குத் துணி வைத்து அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஸ்பேனர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீங்கதானேண்ணே எடுக்கச் சொன்னீங்க."

"படம்டா. படம் எடுக்கச் சொன்னேன்."

"படம்னு ஒரு வார்த்த சொல்லலியே. இருபது வருஷமா நீங்க எடுடான்னா கழட்டியிருக்கேன், மாட்டுடான்னா மாட்டியிருக்கேன். இன்னிக்கு மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?"

பூட்டுக்காரர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். செயலாளருக்குச் சொல்லாமல் விடமாட்டேன் என்றார். காலையில் வந்த ஒருவர் குடைக் கடையைத் தேடி இரண்டு முறை வளைவு வரை போய்விட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்ததாகவும் சொன்னார். குடைக்காரம்மா வண்டியிலிருந்து தன் நீலப் பலகையை உருவி, ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். ஸ்பேனர் சொன்னபடி ஒரு கீறல் இல்லை.

உடனே மாட்டிவிட முடியாது. பழைய துளைகள் பெரிதாகிவிட்டன. புதிதாகத் துளைத்து, சிமென்ட் வைத்து, ஒரு நாள் காய விட வேண்டும். சனிக்கிழமைதான் மாட்டலாம். செயலாளர் பார்க்கப் போவது நாளைக்குப் பதினோரு மணிக்கு. முப்பத்தாறு படத்தோடு போய் நின்றால் என்ன ஆகும் என்பது மாமாவுக்குத் தெரியும். மறுபடியும் கதவுக் கீல்தான்.

அவர் ஏணியைப் பார்த்தார். பூட்டுக்கடைச் சுவரில் மடக்கிச் சாய்த்திருந்த அந்த இருபக்க ஏணியை விரித்து நிறுத்தினார்.

"டேய், நீ அந்தப் பக்கம் ஏறு. நான் இந்தப் பக்கம் ஏறி போர்ட இருந்த எடத்துலயே பிடிச்சுக்கறேன். கண்ணு, நீ கீழேர்ந்து படத்த எடுத்துடு" என்று என்னிடம் கேமராவை நீட்டினார். இடது கால் முதல் படியில் இருந்தது.

"ஏணி" என்றாள் குடைக்காரம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. "போன வாரம் உன் வீட்டுக்காரி குடைக்குக் கைப்பிடி மாத்த வந்திருந்தா. நீ சத்தியம் பண்ணின கதையெல்லாம் சொன்னா."

மாமா காலை எடுக்கவுமில்லை, மேலே வைக்கவுமில்லை.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா இறங்கும்போது நீ நொண்டுவே. அது உன்னக் காட்டிக் கொடுத்துடும்."

மாமா காலைக் கீழே வைத்தார். ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். குடைக்காரம்மா தன் இரண்டாவது படியில் போய் உட்கார்ந்தாள். பலகையைத் தெருவைப் பார்க்கும்படி தன் முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் மேல் விளிம்பில் கையை ஊன்றி, ஒரு கறுப்புக் குடையைத் தைக்க ஆரம்பித்தாள்.

"வர்றவங்களுக்குத் தெரியணுமில்ல" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரிடம் சிமென்ட் வாளியைக் கேட்டு வாங்கி, எதிர்ச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். முதல் தடவையாகக் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இப்படியே இருக்கலாமா?" என்று கேட்டாள் அவள்.

"இப்படியே இரு. தைக்கறத நிறுத்தாத."

அடுத்து அட்டைப்பெட்டிக்காரர் தன் பலகையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கடிகாரக்காரர் தன்னுடையதைக் கதவில் சாய்த்து, அதன் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார். பொத்தான் கடை அக்காவும் தங்கையும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, யார் பக்கம் உயரம் என்று சண்டை போட்டார்கள். மாமா வாளியை ஒவ்வொரு கடைக்கு எதிரிலும் இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுந்தார். பூட்டுக்காரர் கடைசி வரை இசையவில்லை. பலகையைப் படியில் வைத்துவிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அதையும் மாமா பிடித்தார். "அவரோட முதுகுதான் இந்தச் சந்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு செயலாளர் அறைக்குள் போனபோது, பூட்டுக்காரரின் புகார் எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"போர்டெல்லாம் காணோமாமே?" என்றார் செயலாளர்.

"எடுத்துட்டாங்க சார்."

"யாரு?"

"நாங்கதான்."

மாமா நடந்ததை நடந்தபடி சொன்னார். தன் மீதுதான் தப்பு என்றார். நாளைக்கு மாட்டிவிடுவோம் என்றார். செயலாளர் சிரிக்கவில்லை. படங்களை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். முப்பத்தாறையும் பார்த்து முடித்தார். பலகை, பலகை, பலகை. ஒவ்வொன்றும் துல்லியம். போல்ட்டின் துருகூடத் தெரிந்தது.

"போர்டு நல்லா இருக்கு. கடை எங்கய்யா?"

"போர்டுக்குக் கீழ சார்."

"அது எனக்குத் தெரியும். வாங்க வர்றவனுக்கு எப்படித் தெரியும்? அவன் என்ன பறந்தா வரப்போறான்?"

மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக வழி கேட்டவர்கள் எல்லோரும் ஏன் தொலைந்துபோனார்கள் என்பது அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

செயலாளர் மற்ற ஏழு படங்களை எடுத்தார். முதலில் வந்தது நீலப் பலகை. அதற்குப் பின்னால் குடைக்காரம்மாவின் குனிந்த தலை, இரண்டு படி, மழைநீர்க் குழாய், அதைத் தாண்டிச் சந்து வளைகிற சுவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது எங்க? வளைவுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா சார்."

"நான் அந்த வளைவு வரைக்கும் எத்தனையோ தடவ போயிருக்கேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்." அடுத்த படத்தை எடுத்தார். பூட்டுக்காரரின் முதுகு வந்ததும் உதட்டோரம் லேசாக அசைந்தது. "இவன் காலையில அரை மணி நேரம் என்னைத் திட்டினான்."

ஏழையும் ஒரு பக்கமாகவும் முப்பத்தாறை இன்னொரு பக்கமாகவும் வைத்தார். முப்பத்தாறு படங்களையும் மாமாவிடம் தள்ளினார்.

"இத மறுபடி பண்ணுங்க. கீழேர்ந்து. படி தெரியணும், ஆள் தெரியணும். ஒரு மாசம் தர்றேன். அதுக்கப்புறம் மாதாமாதம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆர்டர் அடிம்மா. 'எடுக்க'ன்னு போடாத. 'படம்பிடிக்க'ன்னு போடு."

சனிக்கிழமை காலை ஸ்பேனர் ஏணியில் இருந்தார். மாமா கீழே நின்று அதன் கால்களைப் பிடித்திருந்தார். அவருக்கு ஏணி பிடித்த ஆட்களை எனக்குத் தெரியும். அவர் யாருக்காவது பிடித்து நான் பார்த்ததில்லை. ஒரு காலால் அடிப்படியை மிதித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் மேலேயே பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு நூலளவு ஏத்து. போதும்."

நீலப் பலகை பழைய இடத்தில் ஏறியது. குடைக்காரம்மா வளைவு வரை நடந்து போய், அங்கிருந்து ஓரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஒரு புதுக் கைப்பிடி போட்ட குடை சாய்ந்திருந்தது. அத்தையுடையது. திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

செய்தி அதற்குள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தது. அங்கே கண்ணாடி வெட்டுகிறவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சந்துக்குள் வந்தார்.

"ஏணி, எங்க தெருவுக்கு எப்ப வர்ற? என் போர்டையும் எடுத்துடேன்."

மாமா வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து ஸ்பேனரின் குரல் வந்தது.

"எந்த எடுக்கறதுன்னு முதல்ல கேட்டுக்குங்கண்ணே."